பெட்டியில் ஒட்டிய இரண்டு லேபிள்கள்: விக்டோரியா கால நாவல்களின் ஏமாற்றுக்காரிகள்

ஒரு பழைய தொப்பிப் பெட்டி. அதன்மேல் 'மிஸ் கிரஹாம்' என்று ஒரு லேபிள். துப்பு தேடி வந்த ஓர் இளைஞன் அந்த லேபிளை ஈரப்படுத்தி, கிழியாமல் மெதுவாக உரிக்கிறான். அடியில் இன்னொரு லேபிள். அதில் வேறு பெயர்: 'மிஸஸ் ஜார்ஜ் டால்பாய்ஸ்'. இரண்டையும் பத்திரமாகப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கிளம்புகிறான். ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த இடத்தில் முடிந்துவிட்டது, அவளுக்குத்தான் இன்னும் தெரியாது.

மேரி எலிசபெத் பிராடன் எழுதிய 'லேடி ஆட்லிஸ் சீக்ரெட்' நாவலில் வரும் காட்சி இது. முதல் தடவை படித்தபோது நான் அந்த இளைஞன் பக்கம்தான் இருந்தேன். காரணம் என் வேலை. இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையதா, வெவ்வேறு ஆட்களுடையதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுகிறவன் நான். பெயர், பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம். ராபர்ட் ஆட்லி 160 வருஷத்துக்கு முன்னால் கையால் செய்ததைத்தான் நாங்கள் இன்றைக்குக் கம்ப்யூட்டரில் செய்கிறோம்.

அப்புறம் ஒருநாள் நான் எழுதிய விதி ஒன்று, ஒரு பெண்ணின் கணக்கைச் 'சந்தேகத்துக்குரியது' என்று முடக்கிவிட்டது. பிறந்த வீட்டில் ஒரு பெயர், கல்யாணத்துக்குப் பின் ஒரு பெயர், விவாகரத்துக்குப் பின் மறுபடி பழைய பெயர். மூன்றும் உண்மை. என் நிரலுக்கு மட்டும் மூன்றும் மோசடியாகத் தெரிந்தது. சரிசெய்ய நாலு நாள் ஆச்சு. அந்த வாரம்தான் நாவலை இரண்டாம் முறை எடுத்தேன். இந்த முறை லேபிளை உரிக்கும் இடத்தில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அடியில் இருந்த பெயரும் அவளுடையது இல்லையே, அது புருஷன் பெயர்தானே என்று தோன்றியது.

(இனி கதைகளின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் எழுத முடியும். படிக்க உத்தேசம் இருப்பவர்கள் படித்துவிட்டு வாங்க.)

சென்சேஷன் நாவல்: ஒரு சின்ன அறிமுகம்

1860-களில் இங்கிலாந்தில் ஒரு வகை நாவல் காட்டுத்தீ மாதிரி பரவியது. விமர்சகர்கள் அதற்கு 'சென்சேஷன் நாவல்' என்று பெயர் வைத்தார்கள். பாராட்டி வைத்த பெயர் இல்லை. வில்கி காலின்ஸின் 'தி உமன் இன் வைட்' (1859-60), எலன் வுட்டின் 'ஈஸ்ட் லின்' (1861), பிராடனின் 'லேடி ஆட்லிஸ் சீக்ரெட்' (1862) மூன்றும் அந்த அலையைக் கிளப்பிய புத்தகங்கள். அதற்கு முந்தைய திகில் கதைகளில் கொலையும் ரகசியமும் இத்தாலியின் பாழடைந்த கோட்டைகளில் நடக்கும். இவர்கள் அதை ரயில் ஓடும், தந்தி பறக்கும் சமகால இங்கிலாந்தின் கௌரவமான வீடுகளுக்குள் கொண்டுவந்தார்கள். 1863-ல் 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் ஹென்றி மான்செல் இந்த வகை நாவல்களை மொத்தமாக எடுத்துப் போட்டு விளாசினார். இவை அறிவோடு பேசுவதில்லை, நரம்பைத்தான் சுண்டுகின்றன என்பது அவர் புகார்.

இன்னொரு புகாரும் உண்டு: இந்த நாவல்களின் பெண்கள். நல்ல பெண் என்றால் பொன்னிற முடி, நீலக்கண், மெல்லிய குரல். கெட்ட பெண் என்றால் கறுத்த முடி, கூர்ந்த பார்வை. அதுவரை வாசகர்களுக்குப் பழகிய கணக்கு இது. பிராடன் அந்தக் கணக்கைக் கலைத்தார். அவருடைய லேடி ஆட்லிக்குப் பொன்னிறச் சுருள்முடி, குழந்தை முகம். கிராமமே அவளைத் தேவதை என்கிறது. கிணற்றில் ஆளைத் தள்ளுவதும் விடுதிக்குத் தீ வைப்பதும் அவள்தான்.

ஹெலன், லூசி, லேடி ஆட்லி

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெலன் மால்டன், ஒரு குடிகார முன்னாள் கடற்படை அதிகாரியின் மகள். ஜார்ஜ் டால்பாய்ஸ் என்ற பணக்கார வீட்டுப் பையன் அவளைக் காதலித்துக் கல்யாணம் பண்ணுகிறான். அப்பா அவனைக் கைவிட, கைக்காசு கரைகிறது, குழந்தையும் பிறக்கிறது. ஒருநாள் அவள் தூங்கும்போது ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குத் தங்கம் தோண்டப் போய்விடுகிறான். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு கடிதம்கூட இல்லை.

அவள் குழந்தையை அப்பாவிடம் விட்டுவிட்டு, லூசி கிரஹாம் என்று பெயரை மாற்றி, ஒரு பள்ளியில் வேலை பார்த்து, பின்பு ஒரு டாக்டர் வீட்டில் ஆசிரியையாகச் சேருகிறாள். அந்த ஊர்ப் பெரிய மனிதர் சர் மைக்கேல் ஆட்லி, வயது 56, அவளை மனைவியாக்கிக்கொள்கிறார். அப்போது பார்த்து ஜார்ஜ் 20,000 பவுண்டுடன் திரும்பி வருகிறான். அவன் கண்ணில் முதலில் படுவது பத்திரிகையில் வந்த தன் மனைவியின் மரண அறிவிப்பு. வென்ட்னர் என்ற கடலோர ஊரில் அவள் பெயரில் கல்லறையே இருக்கிறது.

இதை எப்படிச் செய்தாள்? எனக்கு ரொம்பப் பிடித்த தொழில்நுட்பப் பகுதி இது. இங்கிலாந்தில் 1837 முதல் மரணங்கள் அரசுப் பதிவேட்டில் ஏறின. ஆனால் இறந்தது யார் என்பதற்கு, வந்து சொல்கிறவரின் வாய்ச்சொல்தான் ஆதாரம். கைரேகை கிடையாது, புகைப்பட அடையாள அட்டை கிடையாது. மெட்டில்டா என்று காசநோயில் சாகக் கிடக்கும் ஓர் ஏழைப் பெண் ஹெலனுக்குக் கிடைக்கிறாள். சாயலும் ஓரளவு ஒத்துப்போகிறது. மெட்டில்டாவின் தாய்க்குப் பணம் கொடுத்து, அந்தப் பெண்ணை 'ஹெலன் டால்பாய்ஸ்' என்ற பெயரில் சாக விடுகிறார்கள். மரணப் பதிவு, பத்திரிகை அறிவிப்பு, கல்லறை எழுத்து மூன்றும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. மூன்றுக்கும் மூலம் ஒரே பொய். எங்கள் தொழிலில் இன்றைக்கும் நடக்கிற தவறு இது: மூன்று ஆவணம் ஒத்துப்போனால் உண்மை என்று நம்பிவிடுவோம், மூன்றும் ஒரே இடத்திலிருந்து நகல் எடுத்ததா என்று பார்க்க மாட்டோம்.

வேறு என்ன செய்திருக்கலாம்?

அவளுக்கு நேர்வழி ஏதாவது இருந்ததா? சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

1857-ல் வந்த விவாகரத்துச் சட்டப்படி, மனைவி சோரம் போனால் அது ஒன்றே போதும், கணவன் விவாகரத்து வாங்கலாம். மனைவிக்கு அப்படி இல்லை. கணவன் சோரம் போனதோடு கொடுமையோ, இரண்டு வருஷக் கைவிடலோ, அதுபோல வேறு குற்றமோ சேர்ந்திருக்க வேண்டும். வெறுமனே விட்டுவிட்டுப் போனான் என்றால் விவாகரத்து கிடையாது. பிரிந்து வாழ அனுமதி வாங்கலாம், சம்பாதிக்கும் கூலியைக் காப்பாற்ற உத்தரவு வாங்கலாம், மறுமணம் முடியாது.

இருதார மணக் குற்றத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. துணை ஏழு வருஷம் தொடர்ந்து காணாமல் போய், உயிரோடு இருப்பதும் தெரியாமல் இருந்தால், மறுமணம் குற்றமாகாது. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதற்கு முந்தைய சட்டத்திலும் இதுதான் நிலை. ஹெலன் காத்திருந்தது அதில் பாதி. அந்தப் பாதிக்காலமும் கையில் குழந்தை, குடிகார அப்பா, கடன்காரர்கள். ஏழு வருஷம் எப்படிச் சாப்பிடுவது என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை.

பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. கல்யாணமான பெண் அந்தக் காலச் சட்டப்படி தனி ஆளே இல்லை. அவள் இருப்பு கணவனின் இருப்புக்குள் கரைந்துவிடும். 1870-ல்தான் மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே என்று சட்டம் வந்தது. சொத்து முழுதும் அவள் பெயரில் நிற்க 1882 வரை ஆச்சு. ஒரு பெண் தன் பெயரைப் புதைத்துவிட்டு வேறொரு ஆளாக எழுந்து வருவது அங்கே தினசரி நடந்தது, மாதாகோவிலில், மோதிரம் மாற்றி, சாட்சிகளோடு. ஹெலன் அதையே யாரையும் கேட்காமல் தானே செய்துகொண்டாள்.

அதே தந்திரம், ஆண் கையில்

இந்தக் கல்லறைத் தந்திரம் பிராடனின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 'தி உமன் இன் வைட்' நாவலுக்குத் தான் கடன்பட்டவள் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே சர் பெர்சிவல் என்ற கணவனும் கவுண்ட் ஃபாஸ்கோ என்ற கூட்டாளியும் சேர்ந்து, மனைவி லாராவின் சொத்துக்காக ஆள்மாறாட்டம் செய்கிறார்கள். லாராவைப் போன்ற சாயலுள்ள ஆன் கேத்ரிக் என்ற நோயாளிப் பெண் சாக, அவளை லாராவின் பெயரில் புதைத்துவிட்டு, உண்மையான லாராவை ஆன் என்று சொல்லி மனநோய் விடுதியில் அடைக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே இயந்திரம்: சாயல் ஒத்த ஏழைப் பெண், பொய்க் கல்லறை, மாறிய பெயர். ஃபாஸ்கோவை வாசகர்கள் ரசித்தார்கள். வெள்ளெலி வளர்க்கும், இசை ரசிக்கும் கெட்டிக்கார வில்லன் என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். லேடி ஆட்லியை 'பெண் உருவில் வந்த பேய்' என்ற கணக்கில் பேசினார்கள்.

ஆனால் அவளை முழுசாக விடுவிக்கவும் எனக்கு மனசில்லை. இரண்டு கல்லறையிலும் படுத்திருப்பது யார் என்று யோசியுங்கள். மெட்டில்டாவும் ஆனும். இருவரும் ஏழைகள், நோயாளிகள். தங்கள் பெயரில் ஒரு கல்லுக்கும் கொடுத்துவைக்காதவர்கள். ஆண் ஏமாற்றினாலும் பெண் ஏமாற்றினாலும் விலை கொடுத்தது தனக்குக் கீழே இருந்த ஒரு பெண்தான். நாவலில் வரும் துப்பறிவாளன் உட்பட எல்லோரும் ஹெலன் எங்கே என்று தேடுகிறார்கள். மெட்டில்டாவுக்காக நிற்க யாரும் இல்லை.

இன்னும் மூன்று பேர்

*மாக்டலன் வான்ஸ்டோன்* (காலின்ஸின் 'நோ நேம்', 1862). இவளுடைய பெற்றோர் பல வருஷம் சட்டப்படி கல்யாணம் ஆகாமலே சேர்ந்து வாழ்ந்தவர்கள். அப்பாவுக்கு முதல் மனைவி உயிரோடு இருந்தாள். அவள் இறந்ததும் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அதுவே வினையாகிறது. கல்யாணம் செய்தால் அதற்கு முன் எழுதிய உயில் செல்லாது என்பது சட்டம். புதிய உயில் எழுதுவதற்குள் அப்பா ரயில் விபத்தில் சாகிறார், தாயும் பிரசவத்தில் போகிறாள். நேற்று வரை மகாராணி மாதிரி வளர்ந்த இரண்டு பெண்களும் சட்டத்தின் முன்னால் 'யாருடைய பிள்ளைகளும் இல்லை'. சொத்து பெரியப்பாவுக்குப் போகிறது. மாக்டலன் நடிகையாகி, வேஷம் போட்டு, பொய்ப் பெயரில் பெரியப்பா மகனையே மணந்து சொத்தை மீட்கப் பார்க்கிறாள். கடைசியில் காலின்ஸ் அவளுக்கு ஒரு நல்ல மனிதனைக் கட்டிவைத்து வாழ விடுகிறார். தண்டிக்காமல் விட்டதற்கு விமர்சகர் மார்கரெட் ஒலிஃபன்ட் கடுமையாகக் கோபித்துக்கொண்டார்.

*இசபெல்* ('ஈஸ்ட் லின்'). சந்தேகத்தில் கணவனை விட்டு இன்னொருவனோடு போனவள். கணவன் விவாகரத்து செய்கிறான். ரயில் விபத்தில் இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. உண்மையில் முகம் சிதைந்து பிழைத்திருக்கிறாள். நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு 'மேடம் வைன்' என்ற பெயரில் தன் பழைய வீட்டுக்கே, தன் குழந்தைகளுக்கே ஆசிரியையாக வருகிறாள். மகன் அவள் கண்முன்னே சாகிறான். அவளால் 'நான்தான் உன் அம்மா' என்று சொல்ல முடியவில்லை. 1839-ஆம் ஆண்டின் குழந்தைப் பொறுப்புச் சட்டம் தாய்க்கு முதல்முறையாகக் கொஞ்சம் உரிமை கொடுத்தது. சோரம் போன தாயை அதிலிருந்து வெளியே நிறுத்தியது. கதவு வழியாக வர முடியாதவள் வேஷம் போட்டு வந்தாள். லண்டன் முழுக்க அழுத புத்தகம் இது.

*லிடியா க்வில்ட்* (காலின்ஸின் 'ஆர்மடேல்', 1864-66). என் தொழில்காரர்களுக்கு ஏற்றவள் இவள்தான். கதையில் ஆலன் ஆர்மடேல் என்ற ஒரே பெயரில் இரண்டு இளைஞர்கள்: ஒருவன் பணக்காரன், இன்னொருவன் மிட்வின்டர் என்ற வேறு பெயரில் வாழும் ஏழை. லிடியாவின் திட்டம்: ஏழையை அவனுடைய உண்மைப் பெயரில் மணப்பது, சான்றிதழில் 'ஆலன் ஆர்மடேல்' என்று இருக்கும். பணக்காரனைக் கொல்வது. அப்புறம் அந்தச் சான்றிதழை நீட்டி 'நான்தான் அவன் விதவை' என்பது. காகிதத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை! பெயர் மட்டுமே அடையாளம் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

திட்டம் எங்கே உடைகிறது தெரியுமா? அவளுக்கு மிட்வின்டர்மேல் நிஜமாகவே பிரியம் வந்துவிடுகிறது. விஷவாயு நிரப்பிய அறையில், ஆள் மாறி, அவன் படுத்திருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். அவனை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தானே உள்ளே போய்ச் சாகிறாள். அவள் கல்லறையில் பெயரின் முதல் எழுத்தும் இறந்த தேதியும் மட்டும்தான்.

துப்பறிந்தவன் செய்த மோசடி

மறுபடி லேடி ஆட்லிக்கு வருவோம். என் கருத்தை மாற்றிய பகுதி நாவலின் கடைசியில் இருக்கிறது.

மாட்டிக்கொண்டதும் அவள் தன் ரகசியம் என்று ஒன்றைச் சொல்கிறாள்: என் அம்மா பைத்தியம், எனக்கும் அது வந்துவிட்டது. ராபர்ட் லண்டனிலிருந்து மாஸ்கிரேவ் என்ற டாக்டரை வரவழைக்கிறான். டாக்டர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு என்ன சொல்கிறார்? இதில் பைத்தியத்தின் அடையாளமே இல்லை என்கிறார். வீடு பிடிக்கவில்லை, கிளம்பினாள். வசதி கிடைத்தது, மணந்தாள். சிக்கல் வந்தபோது பதறாமல் திட்டம் போட்டாள். புத்தி தெளிவானவள் செய்கிற வேலை.

ராபர்ட் அடுத்து, ஜார்ஜ் காணாமல் போனதையும் தன் கொலைச் சந்தேகத்தையும் சொல்கிறான். நீதிமன்றம் போனால் குடும்ப மானம் போகும் என்பது அவன் கவலை. டாக்டர் அவளைச் சில நிமிஷம் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பை மாற்றுகிறார்: உள்ளே பைத்தியம் ஒளிந்திருக்கிறது, ஆபத்தானவள். பெல்ஜியத்தில் ஒரு மனநோய் விடுதிக்கு அவரே கடிதம் எழுதிக் கொடுக்கிறார். இங்கிலாந்தில் ஒருவரைத் தனியார் விடுதியில் அடைக்க 1845-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மருத்துவர் சான்று வேண்டும். கடல் தாண்டிவிட்டால் அந்தக் கேள்வியே வராது. இது கற்பனை அச்சமும் இல்லை. 1858-ல் எழுத்தாளர் புல்வர் லிட்டன் தன் மனைவி ரோசினாவை இப்படி அடைத்து, ஊரே கூச்சல் போட்டு மூன்று வாரத்தில் வெளியே கொண்டுவந்தது அப்போது எல்லோருக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

ராபர்ட் அவளை அந்த விடுதியில் எந்தப் பெயரில் சேர்க்கிறான் தெரியுமா? 'மேடம் டெய்லர்'. நாவல் முழுக்க ஒரு பொய்ப் பெயரை உரித்து எடுக்க அலைந்தவன், கடைசியில் தன் கையாலேயே அவள்மேல் இன்னொரு பொய்ப் பெயரை ஒட்டுகிறான். அதில் தப்பித்தல் இல்லை, வேலை இல்லை, வெளியே போகும் கதவும் இல்லை. அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் குற்றம். குடும்பம் அவளுக்கு வைத்த பெயர் நாசூக்கு. சில காலத்தில் அங்கேயே இறந்துபோகிறாள். கிணற்றில் விழுந்த ஜார்ஜ் சாகவே இல்லை, அமெரிக்கா போய்த் திரும்பிவிட்டான் என்பது நமக்குத் தெரிகிறது. ஆக, கொலையே நடக்கவில்லை. இருந்தாலும் தண்டனை நின்றுவிட்டது.

எழுதியவரின் லேபிள்

பிராடனின் வாழ்க்கையைப் படித்தால் இந்தக் கதை இன்னும் கனக்கிறது. 1835-ல் பிறந்தவர். அப்பாவின் நடத்தை தாங்காமல் அம்மா பிரிந்து வந்தார். குடும்பத்தைக் காப்பாற்ற பிராடன் மேடை ஏறினார். நடிகை என்றால் கேவலமாகப் பார்த்த காலம், அதனால் 'மேரி செய்ட்டன்' என்ற பெயரில் நடித்தார். பின்பு ஜான் மேக்ஸ்வெல் என்ற பதிப்பாளரோடு வாழ ஆரம்பித்தார். மேக்ஸ்வெல்லுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, அவர் மனநல விடுதியில் இருந்தார். விவாகரத்து சாத்தியமில்லை. பிராடன் மிஸஸ் மேக்ஸ்வெல் போலவே வாழ்ந்தார், குழந்தைகள் பெற்றார், மேக்ஸ்வெல்லின் மூத்த தாரத்துப் பிள்ளைகளையும் வளர்த்தார், வீட்டுச் செலவுக்கு நாவல் நாவலாக எழுதித் தள்ளினார். இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டதாக 1864-ல் பத்திரிகைகளில் செய்தி வந்தபோது, முதல் மனைவியின் உறவினர் அதை மறுத்து உண்மையை வெளியிட்டார். 1874-ல் அந்த மனைவி இறந்தபோது ஊருக்கு மறுபடி விஷயம் தெரிந்து, வீட்டு வேலைக்காரர்கள் மொத்தமாக விலகிப் போனார்கள். அதன் பிறகுதான் இருவரும் முறைப்படி மணந்தார்கள்.

விடுதியில் அடைபட்ட முதல் மனைவி ஒரு பக்கம், வெளியே அவள் பெயரில் வாழும் பெண் மறுபக்கம். 'லேடி ஆட்லி' எழுதிய கை அந்த இரண்டாவது பெண்ணுடையது. அவர் அந்த முதல் மனைவியைப் பற்றி என்ன நினைத்தார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் விடுதியின் கதவு சாத்தப்படும் அத்தியாயத்தை இப்போது படித்தால், தீர்ப்பு சொல்லும் குரல் அதில் எனக்குக் கேட்கவில்லை.

இந்த நாவல்களின் ஏமாற்றுக்காரிகள் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தீ வைத்தது தீ வைத்ததுதான், விஷம் விஷம்தான். நான் கவனித்தது ஒன்றே ஒன்று: ஒவ்வொருத்தியின் பொய்யும் ஒரு குறிப்பிட்ட சட்டத்தின் அளவுக்கு வெட்டித் தைத்தது மாதிரி இருக்கிறது. ஏழு வருஷ விதிக்கு ஹெலன், உயில் விதிக்கு மாக்டலன், குழந்தைப் பொறுப்பு விதிக்கு இசபெல், பெயரே அடையாளம் என்ற நம்பிக்கைக்கு லிடியா. பொய்யைப் பார்த்தாலே எந்தக் கதவு எங்கே பூட்டியிருந்தது என்று வரைந்துவிடலாம்.

வேலையில் இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். இரண்டு பெயர்கள் ஒரே ஆளிடம் இருந்தால் நிரல் கணக்கை முடக்காது. ஒரு மனிதரிடம் அனுப்பி, அந்த ஆளிடமே கேட்கச் சொல்லும். ராபர்ட் ஆட்லி நாவல் முழுக்க ஊர் ஊராகப் போய் விசாரித்தான். இரண்டு லேபிளுக்கும் அடியில் இருந்த ஹெலன் மால்டனிடம், மூன்று வருஷம் எப்படிச் சமாளித்தாய் என்று மட்டும் அவன் கேட்கவே இல்லை.